நாவலும் தன்வரலாறும்: உங்களுக்கான புத்தகத்தை நீங்களே தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒரு ஜனவரியில், சென்னைப் புத்தகக் காட்சியிலிருந்து இரண்டு பை நிறையப் புத்தகங்களோடு வீடு திரும்பினேன். பையின் காது அறுந்து, பேருந்தில் பக்கத்தில் இருந்தவர்தான் பொறுக்கிக் கொடுத்தார். அடுத்த ஜனவரி வந்தபோது எண்ணிப் பார்த்தேன்: முடித்தவை மூன்று, பாதியில் நின்றவை ஐந்து, பிரிக்காதவை மீதி எல்லாம். அத்தனையும் நல்ல புத்தகங்கள்தான். பிசகு தேர்வில் இருந்தது. யார் யாரோ சொன்ன பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கினேனே தவிர, அந்த ஆண்டு எனக்கு எது வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த அத்தியாயத்தின் பாடம் ஒன்றே ஒன்று: பேரைப் பார்த்து வாங்காதீர்கள், பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். கீழே உள்ள ஏழு படிகளையும் வரிசையாகச் செய்தால், ஆறு மாதத்துக்கான ஆறு புத்தகப் பட்டியல் ஒன்று உங்கள் கையெழுத்தில் தயாராகிவிடும்.

தேவையானவை

- ஒரு பழைய நோட்டு, ஒரு பேனா
- அருகிலுள்ள கிளை நூலகத்தின் உறுப்பினர் அட்டை
- கடையிலோ நூலகத்திலோ செலவிட ஒரு மாலைப்பொழுது
- முதல் மாதம் பணம் தேவையில்லை. ஏன் என்று ஐந்தாம் படியில் சொல்கிறேன்

## படி 1: முதலில் உங்களைப் பற்றி எழுதுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் இந்த நான்கு கேள்விகளுக்கும் ஒவ்வொரு வரியில் பதில் எழுதுங்கள்.

1. எப்போது படிப்பேன்? பேருந்திலா, படுக்கையிலா, ஞாயிறு மதியமா? கூட்டமான பேருந்தில் நின்றபடி எழுநூறு பக்க நாவலைப் பிடிக்க முடியாது.
2. ஒரு நாளைக்கு எத்தனை பக்கம்? மனதில் தோன்றும் எண்ணில் பாதியை எழுதுங்கள். அதுதான் உண்மையாக இருக்கும்.
3. கடைசியாக எந்தக் கதை தூக்கத்தைக் கெடுத்தது? புத்தகமாக இருக்க வேண்டியதில்லை. சினிமா, தொலைக்காட்சித் தொடர், பாட்டி சொன்ன கதை எதுவானாலும் சரி.
4. இப்போது எதைத் தாங்க முடியாது? வீட்டில் அண்மையில் ஒரு சாவு நடந்திருந்தால் சாவைப் பேசும் நாவல் சில மாதம் காத்திருக்கலாம்.

குறிப்பு: மூன்றாம் கேள்வியின் பதில்தான் உங்கள் நுழைவாசல். 'அசுரன்' பிடித்தது என்று எழுதினீர்களா? அது பூமணியின் 'வெக்கை' நாவலிலிருந்து 2019இல் எடுக்கப்பட்ட படம். படத்தில் அப்பாவின் கதை மேலோங்கி நிற்கும். நாவலோ கொலை செய்துவிட்டு அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரியும் பதினைந்து வயதுப் பையனின் கூடவே நடக்கும். படம் பார்த்தவருக்கும் நாவல் புதிதாகவே இருக்கும்.

## படி 2: வகையை அறிந்துகொள்ளுங்கள்

'நாவல்' என்பது கடையின் பெயர்ப்பலகை மாதிரி. உள்ளே பல சரக்கு உண்டு. ஒவ்வொரு வகைக்கும் உள்ளே நுழைய ஒரு புத்தகத்தையும், பிடித்துவிட்டால் அடுத்து எடுக்க ஒன்றையும் சொல்கிறேன்.

வரலாற்றுக் கதை. நுழைய: கல்கியின் 'பார்த்திபன் கனவு'. அடுத்து: 'சிவகாமியின் சபதம்', பிறகு ஐந்து பாகங்கள் கொண்ட 'பொன்னியின் செல்வன்'. சாகசம் கூடுதலாக வேண்டுமானால் சாண்டில்யனின் 'கடல் புறா'. மன்னர்களை விட்டு மக்கள் பக்கம் வர விரும்பினால் பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', அதன் தொடர்ச்சியான 'வானம் வசப்படும்'. பின்னது 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

துப்பறியும் கதை. நுழைய: தேவனின் 'துப்பறியும் சாம்பு'. சிரித்துக்கொண்டே படிக்கலாம், எந்த அத்தியாயத்திலிருந்தும் தொடங்கலாம். அடுத்து: சுஜாதாவின் கணேஷ்–வசந்த் கதைகள். மாத நாவல் வடிவத்தில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா. இவை ஒரே இரவில் முடியும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு மீண்டும் வாசிக்கத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

அறிவியல் புனைவு. நுழைய: சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980களில் விகடனில் தொடராக வந்தது. கதை நடப்பதோ 2021இல். அந்த ஆண்டைக் கடந்துவிட்ட நாம் இப்போது படிப்பது தனி வேடிக்கை. அடுத்து: 'மீண்டும் ஜீனோ'.

குடும்பமும் காதலும். நுழைய: தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்'. அடுத்து: அவரது 'மோகமுள்'. குடி ஒரு மனிதனை எப்படித் தின்கிறது என்று தெரிந்துகொள்ள சிவசங்கரியின் 'ஒரு மனிதனின் கதை'. இலகுவான வாசிப்புக்கு லக்ஷ்மி, ரமணிசந்திரன். இவர்களைப் படிக்கிறேன் என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். பல வீடுகளில் வாசிப்புப் பழக்கத்தைக் காப்பாற்றி வைத்தது, வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்த இவர்களது தொடர்கதைகள்தான்.

மண்ணும் பேச்சும். நுழைய: கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. அடுத்து: வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'.

உழைப்பின் கதை. நுழைய: ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்', தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் பற்றியது. எழுதப்போகும் மக்களோடு போய்ப் பழகித் தகவல் திரட்டிவிட்டு எழுதியவர் அவர். அடுத்து: பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழில் தந்த 'எரியும் பனிக்காடு'. 2013இல் வந்த 'பரதேசி' படத்துக்கு அடிப்படையானது.

கடல் கடந்த கதை. நுழைய: அ. முத்துலிங்கத்தின் எழுத்து எதுவும். அடுத்து: ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப் போர்க் காலத் தென்கிழக்காசியாவில் தமிழ் வட்டிக்கடைக்காரர்களும் வணிகர்களும் பட்ட பாட்டைத் தமிழில் இப்படிச் சொன்ன நாவல் வேறில்லை.

இப்போது நோட்டில் மூன்று வகைகளை எழுதுங்கள். இரண்டு உங்களுக்குப் பழக்கமானவையாக இருக்கட்டும். மூன்றாவது இதுவரை தொடாத வகையாக இருக்கட்டும். எல்லா வகையையும் ஒரே ஆண்டில் சுவைத்துவிடத் தேவையில்லை.

## படி 3: மெலிந்ததில் தொடங்குங்கள்

புதிய வகைக்குள் போகும்போது அந்த வகையின் சிகரத்தில் ஏறிக் குதிக்காதீர்கள். அடிவாரத்தில் ஒரு சிறு புத்தகம் இருக்கும். அதை எடுங்கள்.

- ஜல்லிக்கட்டைப் பற்றிய சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' நூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும். ஒரு மாலைக் களத்தில் நடப்பது முழுக்கதையும்.
- அசோகமித்திரனின் 'தண்ணீர்' ஒரு தெருவின் குடிநீர்த் தட்டுப்பாட்டைப் பேசும் சிறு நாவல். சென்னையில் குடம் தூக்கியவர் யாருக்கும் முன்னுரை தேவையில்லை.
- சுந்தர ராமசாமியிடம் போக நினைத்தால் 'ஒரு புளியமரத்தின் கதை'யில் தொடங்குங்கள். 'ஜே.ஜே: சில குறிப்புகள்' பிறகு.
- ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' தடித்த புத்தகம். அதற்கு முன் 'ரப்பர்' அல்லது 'ஏழாம் உலகம்' படித்தால், அவர் நடை பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

தொடர்கதைக்குத் தனி விதி. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்தது. அத்தியாயத்தின் கடைசியில் ஒரு கதவு தட்டப்படும், ஒரு உருவம் தெரியும், ஒரு ஓலை கிடைக்கும். அடுத்த வாரம் வரை வாசகரைப் பிடித்துவைக்கச் செய்த ஏற்பாடு அது. ஒரே மூச்சில் இருபது அத்தியாயம் படித்தால் இந்த உத்தியே அலுப்புத் தட்டும். நாளுக்கு இரண்டு மூன்று அத்தியாயம் என்று வையுங்கள். தொடராக எழுதப்பட்டதைத் தொடராகப் படிப்பதுதான் சுகம்.

## படி 4: கால் மணி நேரச் சோதனை

கடையிலோ நூலகத்திலோ புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டீர்கள். கீழ்க்கண்ட வரிசையை மாற்றாதீர்கள்.

1. பின்னட்டையைப் படிக்காதீர்கள். அது பெரும்பாலும் விளம்பரம். சில சமயம் கதையின் முடிச்சையும் அவிழ்த்துவிடும்.
2. பதிப்பு விவரப் பக்கத்தைப் பாருங்கள். முதல் பதிப்பு எந்த ஆண்டு, இது எத்தனையாவது பதிப்பு, மொழிபெயர்ப்பா, சுருக்கமா என்று அங்கே இருக்கும்.
3. முதல் இரண்டு பக்கத்தைப் படியுங்கள். மூன்றாம் பக்கத்தைத் திருப்ப விரல் தானாகப் போகிறதா என்று கவனியுங்கள்.
4. நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறங்கள். முதல் பக்கத்தை எல்லோரும் இழைத்து இழைத்து எழுதுவார்கள். எழுத்தாளரின் உண்மையான நடை நடுவில்தான் தெரியும்.
5. ஓர் உரையாடலை வாய்க்குள் சொல்லிப் பாருங்கள். மனிதர் பேசுவதுபோல் இருந்தால் நல்லது. மேடையில் பேசுவதுபோல் இருந்தால் யோசியுங்கள்.
6. எழுத்தின் அளவைப் பாருங்கள். மலிவுப் பதிப்புகளில் பக்கத்தைக் குறைக்க எழுத்தைச் சிறிதாக்கியிருப்பார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.
7. கடைசிப் பக்கத்தைத் தொடாதீர்கள். துப்பறியும் கதை என்றால் இது கண்டிப்பான விதி.

வட்டார வழக்கு நாவலுக்கு ஒரு சலுகை. முதல் பக்கத்தில் ஐந்து சொல் புரியாவிட்டாலும் தள்ளிவிடாதீர்கள். ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படியுங்கள். கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரிந்துவிடும். அப்படியும் தடுக்கினால் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேளுங்கள், மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். கரிசல் சொற்களுக்கு கி.ரா.வே ஓர் அகராதி தொகுத்திருக்கிறார்.

## படி 5: எந்தப் பதிப்பு, எங்கே பெறுவது?

முதல் மாதம் நூலகம் மட்டும். உங்கள் ரசனை உங்களுக்கே சரியாகத் தெரியாத நேரத்தில் பணம் போடக் கூடாது. கிளை நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்துப் படித்துவிட்டு, மறுபடி படிக்கத் தோன்றுவதை மட்டும் வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் கன்னிமாராவும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் உண்டு. கால் மணி நேரச் சோதனையை யாரும் முறைக்காமல் அங்கே நிதானமாகச் செய்யலாம்.

நாட்டுடைமை நூல்களை ஒப்பிட்டு வாங்குங்கள். கல்கி போன்றோரின் எழுத்தைப் பல பதிப்பகங்கள் அச்சிடுகின்றன. ஒரே நாவல் ஐந்து விலையில் கிடைக்கும். விலை குறைந்ததை எடுக்கும் முன் நான்கு சோதனை: பாகங்கள் முழுமையா, ஒரு பக்கத்தில் எத்தனை அச்சுப்பிழை, தாள் மறுபக்கம் தெரிகிறதா, தையல் கட்டா அல்லது வெறும் பசையா? பசை மட்டும் போட்ட தடித்த புத்தகம் இரண்டாம் வாசிப்பில் உதிரத் தொடங்கும்.

'சுருக்கம்' என்ற சொல்லைத் தேடுங்கள். பெரிய நாவல்களின் சுருக்கப் பதிப்புகளில் அந்தச் சொல் அட்டையில் சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கும். பிள்ளைகளுக்கு என்றால் பரவாயில்லை. உங்களுக்கு என்றால் முழுநூலையே எடுங்கள்.

புத்தகக் காட்சிக்கு இரண்டு முறை போங்கள். முதல் நாள் பர்ஸை வீட்டில் வைத்துவிட்டு நோட்டோடு போய், சோதித்த புத்தகங்களையும் ஸ்டால் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்தும் எந்தப் பெயர் நினைவில் நிற்கிறதோ அதை வாங்க இரண்டாம் முறை போங்கள். பத்து சதவீதக் கழிவு அன்றும் கிடைக்கும்.

## படி 6: தன்வரலாற்றுக்கு வேறு அளவுகோல்

நாவலைச் சோதிக்க நடை போதும். தன்வரலாற்றில் நடையோடு ஆளையும் சோதிக்க வேண்டும். வாங்கும் முன் நான்கு கேள்விகள்.

1. எதுவரை எழுதினார்? பலர் ஏமாறுவது இங்கேதான். உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' தொடரை 1940இல் விகடனில் தொடங்கினார். 1942இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறவில்லை. அவருடைய கடைசி நாற்பது ஆண்டு வாழ்க்கையை அதில் தேடினால் கிடைக்காது. காந்தியின் 'சத்திய சோதனை' 1921ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. அதில் தண்டி யாத்திரையைத் தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவார். எம்.ஜி.ஆரின் 'நான் ஏன் பிறந்தேன்' தொடரும் பாதியில் நின்றது. குறையாக இருப்பதால் இவை மதிப்புக் குறைந்தவை அல்ல. எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொண்டு எடுங்கள்.

2. யார் எழுதினார்? சொன்னவர் ஒருவர், எழுதியவர் ஒருவர் என்று இருக்கலாம். அப்துல் கலாமின் 'அக்கினிச் சிறகுகள்' அருண் திவாரியோடு சேர்ந்து ஆங்கிலத்தில் உருவாகி, பிறகு தமிழுக்கு வந்தது. எனவே அதன் தமிழ் நடையை வைத்துக் கலாமின் நடையை எடைபோடக் கூடாது.

3. எப்போது எழுதினார்? ஓர் அரசியல்வாதி பதவியில் இருக்கும்போது எழுதுவது வேறு, கட்சியை விட்டு வந்தபின் எழுதுவது வேறு. கண்ணதாசனின் 'வனவாசம்' இரண்டாம் வகை. தன்னை 'அவன்' என்று படர்க்கையில் வைத்து, தன் சறுக்கல்களையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆனால் மற்றவர்களைப் பற்றி அவர் சொல்வது ஒரு தரப்பின் வாக்குமூலம். மறுதரப்புக்குக் கலைஞரின் 'நெஞ்சுக்கு நீதி' இருக்கிறது. இரண்டையும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

4. இது தன்வரலாறுதானா? 'ஜே.ஜே: சில குறிப்புகள்' ஒரு மலையாள எழுத்தாளரின் வாழ்க்கைக் குறிப்புபோல் இருக்கும். நாட்குறிப்பு, பிறப்பு இறப்பு விவரம் எல்லாம் உண்டு. அப்படி ஓர் எழுத்தாளரே கிடையாது. அது முழுக்க நாவல். நேர்மாறாக, அ. முத்துலிங்கத்தின் 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்', ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்', எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்' மூன்றும் நாவல் என்ற சட்டை போட்ட சொந்த வாழ்க்கை. அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை நம்பாதீர்கள்.

பிரபலமானவர்களோடு நின்றுவிடாதீர்கள். கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரான மு. சந்திரகுமார், ஆந்திராவில் பொய் வழக்கில் பிடிபட்டுக் காவல் நிலையத்தில் அடைபட்ட நாட்களை 'லாக்கப்' என்று எழுதினார். 'விசாரணை' படம் அதிலிருந்து பிறந்தது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது தலித் பெண் ஒருவரின் வாழ்க்கை அவர் ஊர்ப் பேச்சிலேயே அச்சேறியது. திருநங்கையாகத் தன் பயணத்தைச் சொல்லும் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' இன்னொன்று. பெரிய மனிதர்கள் தாங்கள் செய்ததை எழுதுவார்கள். தங்களுக்குச் செய்யப்பட்டதை எழுதுபவர்கள் இவர்கள். இரண்டு வகையிலும் ஒவ்வொன்றாவது உங்கள் பட்டியலில் இருக்கட்டும்.

## படி 7: ஜோடி சேருங்கள்

இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஒரே ஊர், ஒரே காலம், அல்லது ஒரே தொழில் பற்றிய ஒரு நாவலையும் ஒரு தன்வரலாற்றையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஒன்று சொல்லாமல் விட்டதை மற்றது சொல்லும்.

- கும்பகோணமும் சங்கீதமும்: 'மோகமுள்' + 'என் சரித்திரம்'. நாவலின் பாபு சங்கீதம் கற்கிறான். உ.வே.சா.வின் தந்தை சங்கீத வித்துவான். மகனோ தமிழைத் தேடி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போகிறார். குருவைத் தேடி அலையும் இரண்டு இளைஞர்கள், ஒரே காவிரிக்கரை.
- பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரி: 'மானுடம் வெல்லும்' + ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்தவர் 1736 முதல் எழுதிவைத்த குறிப்புகளைப் பிரபஞ்சன் எப்படிக் கதையாக்கினார் என்று பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். நாட்குறிப்பு பல தொகுதிகள் கொண்டது. முழுக்க வேண்டாம், தேர்ந்தெடுத்த பகுதிகள் போதும்.
- மேடையும் ஸ்டூடியோவும்: அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' + அவ்வை தி.க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை'. முன்னது திரைக்குப் பின்னால் உதிர்ந்து போகிறவர்களின் கதை. பின்னது மேடையில் நிலைத்து நின்ற ஒருவரின் கதை.
- சேரியும் சிலுவையும்: 'கோவேறு கழுதைகள்' + 'கருக்கு'.
- ஈழப் போர்: ஷோபாசக்தியின் 'கொரில்லா' + தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்'. பின்னது விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் எழுதி, அவர் மறைவுக்குப் பின் வெளிவந்தது.

எதை முதலில் படிப்பது? நாவலை. தன்வரலாற்றை முதலில் படித்தால், நாவலில் எது நடந்தது எது கற்பனை என்று தேடும் துப்பறிவாளராகிவிடுவீர்கள். கதை கையை விட்டு நழுவிவிடும்.

## ஆறு மாதப் பட்டியல்: ஒரு மாதிரி

நாளுக்குப் பதினைந்து பக்கம் படிப்பவருக்கு ஏற்ற வரிசை இது. உங்கள் நோட்டில் பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள், வரிசையை மாற்ற வேண்டாம்.

1. முதல் மாதம்: பழகிய வகையில் வேகமான ஒன்று. (துப்பறியும் கதை)
2. இரண்டாம் மாதம்: மெலிந்த இலக்கிய நாவல். ('தண்ணீர்' போன்றது)
3. மூன்றாம் மாதம்: எளிய மனிதரின் தன்வரலாறு. ('கருக்கு', 'லாக்கப்')
4. நான்காம் மாதம்: இதுவரை தொடாத வகையில் ஒரு நாவல்.
5. ஐந்தாம் மாதம்: ஜோடியில் நாவல்.
6. ஆறாம் மாதம்: ஜோடியில் தன்வரலாறு. அது தடித்ததானால் ஏழாம் மாதத்துக்கும் நீளலாம். யாரும் அபராதம் போடமாட்டார்கள், நூலகரைத் தவிர.

ஒவ்வொன்றும் முடிந்ததும் நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: எது பிடித்தது, எது உறுத்தியது, அடுத்து எதைத் தேடத் தோன்றுகிறது. மூன்றாவது வரிதான் உங்கள் அடுத்த பட்டியலின் விதை.

## அடிக்கடி நேரும் தவறுகள்

விருதுப் பட்டியலை மளிகைச் சீட்டாக்குவது. விருது எப்போதும் அந்த எழுத்தாளரின் நுழைவு நூலுக்குக் கிடைப்பதில்லை. தி. ஜானகிராமனுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது 'சக்தி வைத்தியம்' என்ற சிறுகதைத் தொகுப்புக்காக. 'மோகமுள்'ளுக்கும் இல்லை, 'அம்மா வந்தா'ளுக்கும் இல்லை.

தொகுப்பாக வாங்குவது. 'முழுத் தொகுதியாக எடுத்தால் லாபம்' என்று விற்பவர் சொல்வார். பாலகுமாரனின் 'உடையார்' ஆறு பாகம். முதல் பாகத்தை நூலகத்தில் படித்துப் பாருங்கள். இரண்டாம் பாகத்தைத் தேடி நீங்களே ஓடினால் அப்போது வாங்குங்கள்.

பிடிக்காததை முக்கி முக்கி முடிப்பது. ஐம்பது பக்கம் வரை கொடுங்கள். வட்டார வழக்கு நாவல் என்றால் எண்பது. அதன் பிறகும் ஒட்டவில்லையென்றால் மூடி வைத்து, தேதியைக் குறியுங்கள். நான் இருபது வயதில் மூடிவைத்த ஒரு நாவல் முப்பத்தைந்தில் தானாகத் திறந்துகொண்டது. புத்தகம் மாறவில்லை.

படத்தைப் பார்த்து நாவலை அளப்பது. 'ஏழாம் உலகம்' வேறு, அதைத் தழுவிய 'நான் கடவுள்' படம் வேறு. சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' மதுரையின் பல நூற்றாண்டுகளை விரிக்கும் நாவல். 'அரவான்' அதிலிருந்து ஓர் இழையை மட்டும் எடுத்துக்கொண்ட படம்.

நாவலிலிருந்து வரலாற்றை மேற்கோள் காட்டுவது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்று 'பொன்னியின் செல்வ'னை வைத்து வாதாடாதீர்கள். நந்தினி கல்கியின் கற்பனை. ஐயம் வந்தால் நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' இருக்கிறது.

## பாதுகாப்பு

மனதுக்கு. 'லாக்கப்', 'ஏழாம் உலகம்', போர் நினைவுகள் போன்றவற்றில் சித்திரவதை நேரடியாக வரும். இரவு படுக்கும் முன் படிக்காதீர்கள். இரண்டு கனமான புத்தகங்களை அடுத்தடுத்து வைக்காதீர்கள். நடுவில் ஒரு சாம்பு வரட்டும். வீட்டில் பதின்வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்.

பணத்துக்கு. மாதத்துக்கு ஒரு தொகையை வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு விதி எனக்கு உதவியது: மூன்று புத்தகம் முடித்தால்தான் ஒரு புத்தகம் வாங்கலாம்.

திருட்டுப் பிரதிக்கு இடம் கொடுக்காதீர்கள். வாட்ஸாப்பில் சுற்றும் பிடிஎஃப்கள் பலவற்றில் பக்கங்கள் விட்டுப்போயிருக்கும், எழுத்தாளருக்கும் ஒரு காசு போகாது. இலவசமாகவே படிக்க வேண்டுமானால் நேர்வழி இருக்கிறது: மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் நாட்டுடைமை நூல்கள் பலவற்றை இணையத்தில் வைத்திருக்கின்றன.

பழைய புத்தகத்துக்கு. நடைபாதைக் கடையில் வாங்கியதை நேராக அலமாரியில் வைக்காதீர்கள். வெளியே தட்டித் தூசு போக்கி, பக்கங்களை விரித்து, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் இரண்டு நாள் வைத்திருந்து, பூச்சி இல்லை என்று உறுதியானபின் உள்ளே எடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். கடும் வெயிலில் காயவைத்தால் தாள் முறுகிப்போகும்.

இரவல் கொடுக்கும்போது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதுங்கள். எழுதாமல் கொடுத்த புத்தகம் தானம்.

## இன்றைக்குச் செய்ய வேண்டியது

இந்த அத்தியாயத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட பெயர்கள் வந்துவிட்டன. அவற்றை அப்படியே எடுத்து எழுதி என் பட்டியலை உங்கள் பட்டியலாக்கிவிடாதீர்கள். நான் இரண்டு பை சுமந்த கதை அப்படித்தான் தொடங்கியது. இன்று படி 1இன் நான்கு கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். நாளை நூலகம் திறந்திருந்தால், ஒரே ஒரு புத்தகத்தை எடுத்து நடுப்பக்கத்தைத் திறந்து படியுங்கள். நின்றபடி தொடங்கி, உட்கார இடம் தேடினீர்கள் என்றால், அதுதான் உங்கள் புத்தகம்.